கவர்மென்ட் டிபி வைத்தியம்: மாத்திரைக்கு 5 ஸ்டார், மத்ததுக்கு 2 தான்

தங்கச்சிக்கு டிபி வந்து கவர்மென்ட் ஆஸ்பத்திரில 6 மாசம் மாத்திரை முடிச்சாச்சு, அதான் இந்த ரிவ்யூ. எந்த ஊர்னு சொல்ல மாட்டேன், சொன்னா அவள கண்டுபிடிச்சிருவாங்க.

ஒரு பைசா செலவில்லங்க. சளி டெஸ்ட், எக்ஸ்ரே, மாத்திரை எல்லாம் ஃப்ரீ. அதுக்கு முன்னாடி 3 மாசம் கிளினிக்ல இருமல் டானிக்கா வாங்கி கரைச்ச காசு தனிக்கதை. டிபின்னு தெரிஞ்ச அன்னிக்கே வெயிட், ஆக்ஸிஜன், கால் வீக்கம், யாரும் பிடிக்காம எந்திரிச்சு நிக்க முடியுதான்னு எல்லாம் பாத்தாங்க. காசநோய் இறப்பில்லா திட்டம்னு 2022ல வந்தது, ரொம்ப முடியாதவங்கன்னா உடனே அட்மிட். இவ 38 கிலோ. மாமியார் வீட்ல எல்லாரும் சாப்ட்டு மிச்சமிருந்தா சாப்பிடறவ வேற எவ்ளோ இருப்பா.

சளி குடுக்கறதுதான் கொடுமை. சின்ன டப்பாவ கையில குடுத்து பின்னாடி போய் துப்பிட்டு வாம்மான்னுட்டாங்க. பின்னாடின்னா வண்டி ஸ்டாண்ட், நாலு ஆம்பளைங்க பீடி பிடிச்சுட்டு நிக்கறாங்க, அங்க நின்னு ஒரு பொண்ணு அடிவயித்துல இருந்து காறி துப்புவாளா? துப்பட்டாவ மறைச்சுகிட்டு எதையோ துப்பி குடுத்தா, இது சளி இல்ல எச்சின்னு திருப்பி விட்டாங்க. மறுநாள் லேப்ல ஒரு அக்காதான் காலைல எந்திரிச்சதும் மூச்ச நல்லா இழுத்து விட்டு அப்புறம் இருமுன்னு பொறுமையா சொல்லிக்குடுத்தாங்க.

தினம் 3 மாத்திரை. ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும்னு யாரும் சொல்லல, ரத்தம்னு நெனச்சு அழுதா. இத சாப்பிடறப்ப குடும்பக்கட்டுப்பாடு மாத்திரைய நம்ப முடியாதுங்கறதும் நாங்களா கேட்டப்புறம்தான் வந்துச்சு.

பெரிய குறை போன் நம்பர். இவகிட்ட தனி போன் இல்ல, புருஷன் நம்பர போட்டுட்டாங்க. மாத்திரை போட்டியான்னு கால் வர்றது அவனுக்கு, சத்துணவுக்கு மாசம் 1000 ரூபா (2024 நவம்பருக்கு முன்னாடி 500) வர்ற மெசேஜும் அவனுக்கு, ஏடிஎம் கார்டும் அவன்கிட்ட. முட்டை காசு எங்க போச்சுன்னு நீங்களே நெனச்சுக்கோங்க. நீயும் வந்து எக்ஸ்ரே எடுப்பான்னா எனக்கெதுக்குன்னுட்டான், ஆனா அவ தட்டு டம்ளர் மட்டும் தனி. காத்துல பரவறதுக்கு தட்டு என்னய்யா பண்ணும்? 3வது மாசம் எங்க வீட்லயே கொண்டாந்து விட்டுட்டு போயிட்டான்.

அப்புறம் அம்மா நம்பர குடுத்து, புது அக்கவுண்ட் எடுத்து, அத மாத்த ரெண்டு நாள் அலைஞ்சோம். இப்ப 46 கிலோ. புதுசா போறவங்க மொத நாளே உங்க கையில இருக்கற போன் நம்பரா குடுங்க, டப்பாவ வீட்டுக்கு வாங்கிட்டு வந்து காலைல மொட்டமாடில நின்னு துப்புங்க.