மைக்கில் உதடு படும் முன்: ராக் குழுவோடு ஊர் சுற்றும் ஒரு காதல் கதை

இந்த நாவலின் நாயகி கும்பகோணத்துப் பக்கத்துப் பெண். அப்பா நாதஸ்வரக்காரர். சென்னை ராக் குழு ஒன்றில் சவுண்ட் ஆளாகச் சேர்ந்து ஊர் ஊராகப் போகிறாள், கிட்டார்காரன்மேல் மனசு போகிறது. மாத நாவல் அளவுதான். கதைப்போக்கை இரண்டாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடலாம். ஊர் சுற்றும் கலைஞர்களுக்கு நடுவே காதல் வருவது கிட்டப்பா - சுந்தராம்பாள் காலத்திலிருந்தே நாம் பார்த்ததுதான். இருந்தும் இதைப் படிக்கச் சொல்வதற்குக் காரணம், மேடை வேலையை ஒழுங்காக எழுதிய இடங்களில் காதலும் நின்று பேசுகிறது. வேலையில் கோட்டை விட்ட பக்கங்களில் இரண்டும் சேர்ந்தே விழுகின்றன.

ஏழாம் அத்தியாயத்துக்காகவே வாங்கலாம். மயிலாடுதுறையில் ஒரு கல்யாண மண்டபம். கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்பைப் போட்டதும் ஸ்பீக்கரில் ‘ஊம்’ என்று இரைச்சல். ஆம்புக்கு மேடைச் சுவரில் கரண்ட், எல்லா ஒலியையும் சேர்க்கும் மிக்சருக்குக் கூடத்தின் கோடியில் வேறு பிளக். இரண்டு எர்த்துக்கும் நடுவே சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் போதும், சிக்னல் கேபிளைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டு வழியாகக் கரண்ட் சுற்ற ஆரம்பித்துவிடும். நம் லைன் கரண்டின் 50 ஹெர்ட்ஸ்தான் ஊம் என்று கேட்கிறது. எர்த் பின்னைக் கழற்றிவிட்டுச் சொருகு என்கிறான் கிட்டார்காரன். மேடைகளில் பல வருஷமாக நடக்கிற அபத்தம் அது. இரைச்சல் நிற்கும். ஆனால் ஆம்பில் கசிவு இருந்தால் கிட்டார் கம்பியில் கரண்ட் ஏறும், பாட வருகிறவன் மைக்கில் உதட்டை வைத்ததும் உடம்பு வழியாகப் பாயும். அவள் பிளக்கை அவன் கையிலிருந்து பிடுங்குகிறாள். ஒரே போர்டிலிருந்து வயர் இழுத்து ஆம்புக்கும் மிக்சருக்கும் கொடுக்கிறாள். மிச்சமிருந்த முனகலுக்கு, கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளுகிறாள். துண்டிக்கப்படுவது சிக்னல் கேபிளின் எர்த் தொடர்பு மட்டும்தான், பவர் எர்த் அப்படியே இருக்கிறது. அடுத்த ஊரிலிருந்து அவன் பாடும் முன் மைக் வலையில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்புகிறான். வசனமே கிடையாது. நாவலில் இதைவிட நல்ல காதல் காட்சி இல்லை.

இதே கை எழுதியதா என்று கேட்க வைக்கிறது பதினொன்றாம் அத்தியாயம். கச்சேரி நடுவில் கிட்டாரின் தடித்த ஆறாம் கம்பி அறுகிறதாம், நாயகன் முடிச்சுப் போட்டு வாசிக்கிறானாம். பெரும்பாலும் அறுவது மெல்லிய கம்பிதான், அதுவும் பிரிட்ஜில் உராயும் இடத்தில். முடிச்சுப் போட்டு அந்த இழுவிசையில் சுருதி நிறுத்த முடியாது. புதுக் கம்பி மாட்டினாலும் இழுத்து இழுத்து விட்டு நாலைந்து தடவை சுருதி சேர்த்தால்தான் நிற்கும். அதனால்தான் இன்னொரு கிட்டாரைச் சுருதி சேர்த்துத் தயாராக வைத்திருப்பார்கள். நாகப்பட்டினம் கடற்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், ஜாக் முனைகளும் கெடும். அந்த ஊரில் மூன்று நாள் தங்க வைத்த ஆசிரியர், பிரச்சினையைத் தேடி வேறெங்கும் போயிருக்க வேண்டாம்.

நாள், நேரக் கணக்கும் உதைக்கிறது. ஐப்பசியில் திருவாரூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் மேடை போடுகிறார்கள். ஐப்பசியில் சம்பா நிற்கும், குறுவை அறுத்த தாளும் சேற்றில் கிடக்கும், மேலே வடகிழக்குப் பருவமழை. மாசி என்று மாற்றினால் தீர்ந்தது. தஞ்சாவூர்த் திறந்தவெளியில் இரவு 11 மணிக்குக் கச்சேரி ஆரம்பம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்கு மாநில அரசு தளர்த்தினாலும் 12 மணியோடு சரி. மதியம் சென்னையில் கிளம்பி மாலை ஆறு மணிக்குத் தஞ்சாவூரில் மைக் செக் என்பதும் நடக்காது. சுமார் 340 கிலோமீட்டர், சாமான் ஏற்றிய வேன். போய் இறக்கி, டிரம்ஸ் கட்டி, ஒவ்வொரு மைக்காகப் பார்க்கவே மூன்று மணி நேரம் வேண்டும்.

கைக்கெட்டியும் ஆசிரியர் நழுவவிட்ட காட்சி ஒன்று. மேடையில் இருப்பவர்களோடு பேசுவதற்காக மிக்சரில் இருக்கும் டாக்பேக் வழியாக அவன் காதுக்குள் இருக்கும் மானிட்டரில் அவள் “எனக்கும்தான்” என்கிறாள். நல்ல யோசனை. ஆனால் டாக்பேக்கை அவன் காதுக்குத் தனியாகப் போகும் ஆக்ஸ் லைனுக்கு மட்டும் திருப்பியதாக எங்கும் எழுதவில்லை. அப்படியானால் டிரம்மர், பேஸ்காரர் எல்லார் காதிலும் அது விழுந்திருக்கும். அந்தக் கூத்தை எழுதியிருந்தால் குழுவின் மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு முகமாவது கிடைத்திருக்கும்.

பேட்டா, பாக்கிப் பணம் எல்லாம் சரி. மீதியைக் கடைசிப் பாட்டுக்கு முன்பே எண்ணி வாங்கும் மேனேஜரை ஆசிரியர் நேரில் பார்த்திருக்க வேண்டும். ஆனால் ஐந்து ஆண்களோடு பதினான்கு ஊர் போகிற பெண் எங்கே உடை மாற்றுகிறாள், மேடைக்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறதா என்று ஒரு வரிகூட இல்லை. வேன் திருவையாற்றைத் தாண்டும்போது, 1920களில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளை, பெண்கள் அங்கே பாடப் போராடியவரை, நாயகி நினைத்துக்கொள்கிறாள். சரிதான். அந்த அம்மாளை நினைக்கிறவளுக்குப் பூட்டுப் போட்ட ஒரு அறை கேட்கவும் தெரிந்திருக்கும்.

கடைசி அத்தியாயம் வீட்டுத் திண்ணை. அப்பாவின் கையில் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம், ஆச்சா மரம், சுருதி இரண்டு கட்டை. ஒரு கட்டை சி என்றால் இரண்டு கட்டை டி. கிட்டார்காரன் தன் ஆறாம் கம்பியை மட்டும் ஈயிலிருந்து ஒரு முழு சுரம் இறக்கி டிக்குக் கொண்டுவருகிறான். திறந்த கம்பியே சட்ஜமாகிவிடும், நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்து மாதிரி அடியில் ஓடும். இது சரியான வழி. சுருதி சரியா என்று காட்டும் டியூனரில் பச்சை விளக்கு எரிகிறது. நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளிக்கும் ஊதுகிற மூச்சுக்கும் ஏற்பச் சுருதி இழை அளவு நகரும் என்பது டியூனருக்குத் தெரியாது. சீவாளியை நனைத்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தே பார்க்காமல் மகளிடம் சொல்கிறார்: “இன்னும் சித்த இறக்கச் சொல்லும்மா.” அவன் டியூனரை அணைத்துவிட்டுக் காதால் இறக்குகிறான்.