லெபெக் அளவையா, அருவ அளவையா: எதில் தொடங்குவது?

கணங்களின் நீளம், பரப்பு போன்றவற்றை அளக்கும் கணிதப் பிரிவான மெஷர் தியரிக்குள் நுழைய இரண்டு வாசல்கள். மெய்யெண் கோட்டில் நீளத்தைப் பொதுமைப்படுத்தும் லெபெக் அளவையைக் கட்டிவிட்டுப் பொதுமைக்குப் போகலாம். இல்லையேல் சிக்மா அல்ஜீப்ரா (அளக்கத்தக்க கணங்களின் தொகுப்பு), அளவை (அவற்றுக்கு அளவு தரும் சார்பு) என்ற வரையறைகளிலேயே அருவமாகத் தொடங்கலாம்.

முதல் வழி மெதுவானது, ஆனால் உழைப்பு வீண்போகாது. [0,1]-இன் புற அளவை, அதாவது அதை மூடும் திறந்த இடைவெளிகளின் மொத்த நீளத்தின் கீழ் எல்லை, 1 என்று நிறுவுவதையே பாருங்கள். 1-ஐத் தாண்டாது என்பது ஒரு வரி. குறையாது என்பதற்குத்தான் ஹைனே-போரல் தேற்றம் தேவை: [0,1]-ஐ மூடும், முடிவிலியாகவும் இருக்கக்கூடிய எண்ணத்தக்க திறந்த இடைவெளிகளிலிருந்து, அதை மூடப் போதுமான முடிவுள்ள சிலவற்றைப் பொறுக்க வேண்டும். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள், அதே இடைவெளியின் விகிதமுறு எண்கள் அனைத்தையும் மொத்த நீளம் 1/100 மட்டுமே உள்ள இடைவெளிகளால் மூடலாம் என்றதும் திகைத்து நிற்பார்கள்.

இரண்டாவது வழியில் எல்லையையும் தொகையீட்டையும் இணைக்கும் மோனோடோன் கன்வெர்ஜென்ஸ், ஃபாட்டூ தேற்றங்கள் எல்லாம் சில பக்கங்களில் வந்துவிடும். நிகழ்தகவுக்குப் போகிறவர்களுக்கு இதுவே குறுக்கு வழி. ஆபத்து எங்கே என்றால், தேற்றங்களின் நிபந்தனைகள் வெறும் அலங்காரமாகத் தெரியும். [0,1]-இல் ஒரு பக்கம் லெபெக் அளவை, மறுபக்கம் எண்ணல் அளவை (உறுப்புகளின் எண்ணிக்கை) வைத்து, சதுரத்தின் மூலைவிட்டத்தின் சுட்டுச் சார்பை (அதன் மேல் 1, மற்ற இடங்களில் 0) தொகையிடுங்கள். எண்ணல் அளவையை முதலில் எடுத்தால் விடை 1. லெபெக்கை முதலில் எடுத்தால் 0. எண்ணல் அளவை இங்கே சிக்மா-ஃபைனைட் அல்ல (முடிவுள்ள அளவு கொண்ட எண்ணத்தக்க கணங்களால் [0,1]-ஐ மூட முடியாது), அதனால் தொகையிடும் வரிசையை மாற்ற அனுமதிக்கும் ஃபுபினி-டொனெல்லி தேற்றம் பொருந்தாது.

காம்பேக்ட் கணங்களில் (ஹைனே-போரல் பேசும் [0,1] போன்றவை) கை பழகாதவர் முதல் வழியிலேயே போகட்டும்.