சிலிக்கான் முனையா, ஃபோம் முனையா?

இயர்போன் என்ன விலையாக இருந்தாலும், வெளிச்சத்தம் அடங்குவது பெரும்பாலும் காதுக்குள் போகும் முனையைப் பொறுத்ததுதான். கூடவே வரும் சிலிக்கான் முனைகள் வழக்கமாக மூன்று அளவுகளில் இருக்கும். பலரும் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடு அளவோடு நின்றுவிடுகிறார்கள். பாஸ் (டிரம்ஸ் போன்றவற்றின் கனத்த அடி ஒலி) இல்லாமல் பாட்டு சன்னமாகக் கேட்டால், காது சரியாக அடைபடவில்லை என்று அர்த்தம். அடுத்த அளவைப் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் பொருந்தும் என்றும் இல்லை.

பஞ்சு போல அமுங்கும் ஃபோம் முனை கொஞ்சம் பொறுமை கேட்கும். விரல்களுக்கு இடையே உருட்டி ஒடுக்கி, மறு கையால் காது மடலை மேலாகப் பின்னோக்கி இழுத்து, உள்ளே விட்டு, அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். அது மெல்ல விரிந்து காதுத்துளையின் வடிவத்துக்கே அடைத்துக்கொள்ளும். பஸ் இன்ஜினின் உறுமல் சிலிக்கானைவிட இதில் நன்றாகவே அடங்கும். உச்ச ஒலிகளின் கூர்மை சற்று மழுங்கும். எனக்கு அது பிடித்தே இருக்கிறது. ஆனால் வியர்வையையும் அழுக்கையும் உறிஞ்சும், சில மாதங்களில் விரியும் தன்மை போய்விடும், அப்புறம் புது ஜோடி வாங்க வேண்டும். சிலிக்கானைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசி, காயவைத்து மாட்டினால் போதும்.

அடிக்கடி கழற்றி மாட்டும் ஆபீஸுக்கு சிலிக்கான், நீண்ட ரயில், விமானப் பயணத்துக்கு ஃபோம். ரோட்டில் நடக்கும்போது இரண்டுமே வேண்டாம், ஹாரன் கேட்காது.