கடலோர வீட்டுக்கு இரும்புக் கம்பியா, கண்ணாடியிழைக் கம்பியா?

கடற்கரையை ஒட்டி வீடு கட்டியவர்களுக்கு இது பழகிய காட்சி. பத்துப் பதினைந்து வருடத்தில் சன்ஷேடின் அடியில், கம்பி போகும் தடத்திலேயே நேர்கோடாக ஒரு விரிசல் ஓடும். அப்புறம் பூச்சு பெயர்ந்து, செந்நிறத்தில் கம்பி எட்டிப் பார்க்கும். உப்புக்காற்றின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டால் துரு ஏறத் தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட் பிளந்துவிடுகிறது.

கண்ணாடியிழைக் கம்பிக்கு இந்தச் சிக்கலே கிடையாது. கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து இழுத்து இறுக்கிய கம்பி அது. 12 மி.மீ. முறுக்குக் கம்பி 12 மீட்டர் நீளத்துக்குப் பத்தரைக் கிலோவைத் தாண்டும். அதே அளவில் இது மூன்று கிலோகூட வராது. ஒரே ஆள் தோளில் போட்டு மாடி ஏறிவிடலாம். இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது: ஐ.எஸ். 18256, 2023-இல்.

சரி, அப்படியே மாற்றிவிடலாமா? விற்பவர்கள் சொல்லும் கணக்கு இதுதான்: "12 இரும்புக்குப் பதில் 10 போதும்." வலிமையை மட்டும் பார்த்தால் பொய்யில்லை. வீடுகளில் போடும் ஃபே 500 தர இரும்புக் கம்பி சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டனில் நெகிழத் தொடங்கும். நல்ல கண்ணாடியிழைக் கம்பி 800 வரைகூடத் தாங்கும். ஆனால் விறைப்பு, அதாவது இழுத்தால் நீளாமல் எதிர்த்து நிற்கும் குணம், என்று ஒன்று இருக்கிறதே. இரும்புக்கு அது 200 ஜிகாபாஸ்கல், இதற்குச் சுமார் 50. 12-ஐ 10 ஆக்கும்போது குறுக்குப் பரப்பும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் விறைப்பு இரும்பினுடையதில் ஆறில் ஒரு பங்கு. சிலாப் உடைந்து விழாது. ஆனால் தொய்யும், விரிசல் அகலும். விளம்பரத் தாளில் இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்தது உடையும் விதம். ஃபே 500-இலேயே அதிகம் நீளும் வகையான ஃபே 500டி கம்பி அறுவதற்கு முன் குறைந்தது 16 சதவீதம் நீள வேண்டும் என்கிறது தரநிலை. அதிக பாரம் விழுந்தால் பீம் தொங்கும், விரிசல் விடும், உள்ளே இருப்பவர் வெளியே ஓட நேரம் கிடைக்கும். கண்ணாடியிழை இரண்டு சதவீத அளவிலேயே பட்டென்று அறுந்துவிடும். அழுத்தத்திலும் பலவீனம். போதாக்குறைக்கு, தீ பிடித்தால் நூறு டிகிரியைத் தாண்டியதுமே பிசின் இளகத் தொடங்கும். இரும்பு பாதி வலிமையை இழக்கவே 550 டிகிரிக்கு மேல் ஆகும். அதனால் பில்லரிலும் பீமிலும் இதைப் போடச் சொன்னால் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன்.

கம்பி கட்டுபவரைக் கேட்டால் அவர் வேறொரு குறை சொல்வார். ஆணி அடித்த பலகையில் இதை வைத்து, பில்லர், பீம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் அடிக்க முடியாது. வளைத்துவிட்டால் நிமிர்ந்துகொள்ளும். விடாப்பிடியாக வளைத்தால் வெளிப்பக்கம் வெளுத்து, இழை இழையாகப் பிரியும்; தொட்ட கை அன்று முழுக்க அரிக்கும். ரிங், எல் வளைவு எல்லாம் ஆலையிலிருந்தே வளைந்து வர வேண்டும். நம்மூரில் பாதி அளவு சைட்டில்தான் முடிவாகும் என்பது தெரிந்ததே.

இடையில், எபாக்சி என்ற பிசினைப் பூசிய இரும்புக் கம்பி என்று ஒரு சமரசம் உண்டு. அமெரிக்காவில் ஃபுளோரிடா கீஸ் தீவுகளின் கடல் பாலங்களில் நம்பிப் போட்டார்கள். சில ஆண்டுகளிலேயே பூச்சுக்கு அடியில் துரு பிடித்தது. இழுத்துப் போட்டுக் கீறல் விழும் நம் சைட்டுகளில் அது எப்படி நிற்கும்?

என் கணக்கில், வீட்டுச் சட்டகம் முழுக்க இரும்புதான். எம்30 தரக் கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் மூடும் கவர், அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்கை எண்ணிப் பார்க்க ஓர் ஆள். தரையோடு கிடக்கும் போர்டிகோ தளம், காரோட்டப் பாதை, கடல் பார்த்த காம்பவுண்டு சுவர் ஆகியவற்றுக்குக் கண்ணாடியிழை தாராளமாகப் போடலாம். விலை கேட்கும்போது ஒன்று: இரும்பு கிலோ கணக்கு, இது மீட்டர் கணக்கு. கிலோவுக்குக் கிலோ ஒப்பிட்டு மலைத்துப் போகாமல், மொத்த மீட்டரை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.