புரோபேட் வாங்கலாமா, வாங்காமலே விடலாமா?

புரோபேட் என்பது உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று. 2025 டிசம்பர் வரை சென்னைக்காரர்களுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் உரிமையியல் எல்லைக்குள் ஓர் இந்து எழுதிய உயிலானாலும், அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, மனையைப் பற்றிய உயிலானாலும், புரோபேட் இல்லாமல் அதை வைத்து நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்ட முடியாதிருந்தது. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆவது பிரிவு அப்படி இருந்தது. மதுரைச் சொத்துக்கு மதுரையிலேயே எழுதிய உயிலுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. நாடாளுமன்றம் இப்போது அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. கட்டாயம் போய்விட்டது; தேவை போய்விட்டதா என்பதுதான் பிரச்சினை.

புரோபேட் இல்லாத வழி மலிவானது. உயில், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு பட்டா மாறுதலுக்கும் சொத்துவரிப் பெயர் மாற்றத்துக்கும் விண்ணப்பிக்கலாம். எல்லாரும் ஒத்துப்போனால் காரியம் முடிந்துவிடும். ஒரு தங்கை ஆட்சேபித்தால் நின்றுவிடும். உயில் உண்மையா, போலியா என்று தீர்ப்புச் சொல்வது வட்டாட்சியரின் வேலை அல்ல. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்பார். ‘பதிவு செய்த உயிலாயிற்றே’ என்பதும் பாதி ஆறுதல்தான். பதிவு செய்ததாலேயே உயில் மெய்யென்று ஆகிவிடாது.

நீதிமன்ற வழியில் உயிலில் பெயர் குறித்த நிறைவேற்றுநர், அதாவது உயிலில் சொன்னபடி செய்து முடிக்கும் பொறுப்பு பெற்றவர், மனுப் போடவேண்டும். சொத்துப் பட்டியல், சாட்சியின் பிரமாணப் பத்திரம், மற்ற வாரிசுகளுக்கு அறிவிப்பு, சொத்து மதிப்பைப் பொறுத்த நீதிமன்றக் கட்டணம் எல்லாம் உண்டு. யாராவது எதிர்த்தால் மனு வழக்காக மாறும், பிறகு ஆண்டுக்கணக்கு. ஆனால் கிடைக்கும் தீர்ப்பு வழக்காடியவர்களை மட்டுமல்ல, எல்லாரையும் கட்டுப்படுத்தும். உயில் செல்லும் என்பதைத்தான் அது சொல்லும். அப்பாவின் கிரயப் பத்திரத்தில் ஓட்டை இருந்தால் புரோபேட் அதை அடைக்காது.

என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பது சாட்சிகள்தாம். உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கவேண்டும். அவர்களில் உயிரோடு, வரக்கூடிய நிலையில் இருக்கும் ஒருவரையாவது விசாரித்துத்தான் உயிலை நிரூபிக்க முடியும். நம் ஊரில் சாட்சி பெரும்பாலும் அப்பாவின் நண்பர், அப்பாவின் வயதுக்காரர். பத்து வருடம் கழித்து அண்ணன் மகன் வழக்குப் போடும்போது அவர் இருப்பாரா? இருவரும் இல்லையென்றால் கையெழுத்தை அடையாளம் காட்டுபவரைத் தேடி அலையவேண்டும். உயிலால் ஒதுக்கப்பட்ட வாரிசு ஒருவர் இருந்து, சாட்சிகளுக்கு வயதும் ஆகியிருந்தால், சட்டம் கேட்காவிட்டாலும் இப்போதே மனுப் போடுவதே நல்லது. மூன்றாண்டுக் காலவரம்பும் இதற்குப் பொருந்தும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுச் செய்யும் உரிமை எழும் நாளிலிருந்து அதைக் கணக்கிடுவார்கள், இறந்த நாளிலிருந்தே என்பதில்லை.

உடன்பிறந்தவர்கள் முகம் கொடுத்துப் பேசும் குடும்பமா? சொத்தில் தங்கள் உரிமையை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரத்தில் அவர்களின் கையெழுத்தை வாங்கிப் பதிவு செய்யுங்கள். வீட்டை வாங்க வருபவரின் வக்கீலும் வங்கியும் அதிகம் துருவமாட்டார்கள்.

நிறைவேற்றுநர் பெயரே உயிலில் இல்லையென்றால் புரோபேட் கிடைக்காது. உயிலை இணைத்து, இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் அதிகாரம் தரும் நிர்வாக உரிமைக் கடிதம் கேட்கவேண்டும். நீதிமன்றம் தரும் இறங்குரிமைச் சான்றிதழ் வேறு. வங்கி வைப்பு, பங்குகள், வரவேண்டிய கடன் இவற்றுக்கு அது போதும். வீட்டுக்குச் செல்லாது.