அல்பிரட் ஹவுஸ் வீதியில் சாப்பிடப் போகிறவர்களுக்கு

ஓட்டோக்காரரிடம் ‘அல்பிரட்’ என்று மட்டும் சொல்லி ஏறினால் சுற்றவேண்டி வரும். கொள்ளுப்பிட்டிப் பக்கம் அல்பிரட் பிளேஸ், அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸ், அல்பிரட் ஹவுஸ் அவெனியூ எல்லாம் உண்டு. கேலரி கஃபே என்ற உணவகம் இருப்பது அல்பிரட் ஹவுஸ் வீதியில்.

இந்தப் பெயர்களுக்கெல்லாம் மூலமான மாளிகை இப்போது இல்லை. கோப்பியிலும் சாராயக் குத்தகையிலும் பெருஞ்செல்வம் சேர்த்த குடும்பத்தில் வந்த சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் வீடு அது. முதலில் அதன் பெயர் பகத்தலே வளவு (வளவு என்றால் பெரிய மாளிகை வீடு). 1870இல் விக்டோரியா மகாராணியின் மகன் அல்பிரட் இளவரசருக்குத் தங்கத் தட்டிலும் தங்கக் கரண்டியிலும் விருந்து வைத்த பிறகு அல்பிரட் ஹவுஸ் ஆனது. வளவு நிலம் பின்னாளில் துண்டுதுண்டாகி ஒழுங்கைகளாகிவிட்டது.

கஃபே கட்டடத்தையே அந்த மாளிகை என்று நம்பி வருவோர் உண்டு. அது வேறு. 1960களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா ஒரு டொக்டருக்காக வரைந்த வீடு, கடைசியில் பாவாவின் அலுவலகமாகி, 1998இல் உணவகமானது. வாசலில் தெரிவது கொஞ்சம். முற்றம் முற்றமாக உள்ளே நீண்டுகொண்டே போகும்.

சாப்பாடு வருமுன் கூரையைப் பாருங்கள். வெறும் ஓட்டுக் கூரையில் காகமோ கிளையோ பட்டு ஓர் ஓடு நகர்ந்தால் போதும், மழை உள்ளே இறங்கிவிடும். பாவா அந்தக் காலத்தில் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறையில் நெளி சீமெந்துத் தகடு அடியில், அதன் பள்ளங்களில் அரைவட்ட ஓடு மேலே. தண்ணீரைத் தடுப்பது தகடு, வெயிலை வாங்குவது ஓடு. சாய்வும் குறைவாகப் போதும். இன்றைய கட்டுநர் பலர் ஓடுகளை அழகுக்கென்று மட்டும் போடுகிறார்கள்.

முற்றம் திறந்தவெளி. மத்தியான வெக்கையில் போகாமல் பொழுதுபட்ட பிறகு போங்கள். மழை மாதமென்றால் கூரைக்குக் கீழ் மேசை கேளுங்கள். பன்றி சாப்பிடுபவர்கள் கறுப்புப் பன்றிக் கறியைச் சோற்றோடு எடுக்கலாம். அந்த நிறம் நன்றாகக் கருக வறுத்த தூளாலும் கொறக்காப்புளியாலும் வருவது. இனிப்புக்கு வயிற்றில் இடம் வையுங்கள். விலை கூடத்தான்.

சொய்சா குடும்பத்து மாளிகையை நேரில் பார்க்க ஆசையென்றால், சார்ள்ஸ் ஹென்றியின் மகன் 1912இல் கட்டிய ரெஜினா வளவு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ‘கொலேஜ் ஹவுஸ்’ ஆக நிற்கிறது. வாயிலில் கேட்டுவிட்டுத்தான் நுழையவேண்டும்.