டம்மி டக்குக்குப் பிறகு இடுப்பில் எதைக் கட்டலாம், எப்போது உடற்பயிற்சி செய்யலாம்?

மதுரையில் டம்மி டக் (தொங்கும் வயிற்றைச் சீராக்கும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீடு திரும்புகிற பெண்ணுக்கு முதல் வாரத்திலேயே மூன்று யோசனைகள் வந்து சேர்ந்துவிடும். டாக்டர் மாட்டி அனுப்பிய பெல்ட் ஒன்று. செல்போனைத் திறந்தாலே விளம்பரமாக வந்து நிற்கும், இடுப்பை இறுக்கிக் கட்டும் வெயிஸ்ட் ட்ரெய்னர் இன்னொன்று. மூன்றாவது, ஆயா பெட்டகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் பழைய நூல் சேலை. கூடவே, எப்போது நடக்கலாம், எப்போது ஜிம்முக்குப் போகலாம் என்ற கேள்வியும் ஒட்டிக்கொள்ளும். எனக்கும் எல்லாமே வந்தது. டாக்டர் சொன்னது, படித்தது, அனுபவித்தது எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

எதை எடைபோடுவதானாலும் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அடிவயிற்றில் ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை கீறி, தொங்கும் தோலையும் அதன் அடிக் கொழுப்பையும் எடுக்கிறார்கள். பிள்ளை சுமந்ததில் நடுவே விலகிப்போன தசைகளைப் பெரும்பாலும் இழுத்துச் சேர்த்துத் தைக்கிறார்கள். தொப்புளுக்குப் புது வாசல் வைக்கிறார்கள். மேல் தையல் சீக்கிரம் ஆறிவிடுவதால் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் மூன்றாவது வாரத்தில் ஒரு காயத்தின் பலம் நல்ல தோலின் பலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். 3 மாதத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தொடும். அதற்கு மேல் பெரிதாக ஏறாது. பெல்ட் முதல் பழனி நடை வரை எல்லாவற்றையும் நான் இந்தக் கணக்கை வைத்துத்தான் பார்க்கிறேன்.

சரி, முதலில் டாக்டர் பெல்ட். அகலமான எலாஸ்டிக், முன்னால் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ. பார்க்க ஒன்றும் அழகில்லை. அதன் வேலை இடுப்பைச் சிறுக்க வைப்பதும் இல்லை. பிரித்தெடுத்த தோலைத் தசைமேல் படிய வைத்து, இடையில் நீர் கோத்துக்கொள்ளாமல் பார்ப்பதும், வீக்கத்தைக் கட்டுப்படுத்துவதும், இருமும்போது தும்மும்போது தாங்கிப் பிடிப்பதும்தான். பொதுவாக 4 முதல் 6 வாரம் வரை போடச் சொல்வார்கள், டாக்டருக்கு டாக்டர் மாறும்.

இதில் யாரும் சொல்லித்தராத தொல்லை, உட்கார்ந்தால் பெல்ட் மேலே ஏறுவது. கீழ் விளிம்பு சுருண்டு ஒரு கயிறு மாதிரி ஆகி, அழுத்தக் கூடாத இடத்தில் போய் அழுத்தும். உள்ளே தையல் இல்லாத மெல்லிய பருத்தி பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, எழுந்து உட்காரும்போதெல்லாம் விளிம்பைக் கையால் இழுத்துவிட வேண்டும். பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் சுலபமாக நுழைய வேண்டும். இது சௌகரியத்துக்காகச் சொல்வதல்ல. தொப்புளுக்குக் கீழே மாதக்கணக்கில் மரத்துப்போய் இருக்கும், இறுக்கினால் வலி சொல்லாது. தசை வழியாக அந்தத் தோலுக்கு வந்த இரத்தக் குழாய்கள் பல வெட்டுப்பட்டு, இப்போது பக்கவாட்டிலிருந்து வரும் இரத்தத்தை நம்பித்தான் அது பிழைக்கிறது. அதையும் நெருக்கினால் தோல் கறுத்துப்போகலாம். வலிக்கவில்லையே என்று நம்பாமல் தினமும் கண்ணாடியில் பார்த்துவிட வேண்டும். அப்புறம், நம் ஊர் வெயிலுக்கு ஒரு பெல்ட் போதாது. இரண்டு வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போடுவதுதான் வழி.

அடுத்தது ஆயாவின் சேலை. பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டுவது இங்கே தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம், அதை நான் குறை சொல்லமாட்டேன். நூல் துணி, காற்றோட்டம் உண்டு, வேர்வையை உறிஞ்சும். வெயிலுக்கு எலாஸ்டிக்கைவிட ஆயிரம் மடங்கு இதம். ஆனால் கட்டும் விதத்தில்தான் சிக்கல். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துச் சுற்றுவார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு அழுத்தம், முடிச்சில் ஒரு அழுத்தம், மற்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. பத்து அடி நடந்தால் திரண்டு இடுப்புக்கு ஏறிவிடும்.

"நாலு பிள்ளை பெத்தேன், எனக்கு எந்த டாக்டர் பெல்ட்டு குடுத்தாரு?" என்றார் ஆயா.

"ஆயா, உங்க வயித்துல இந்த மாதிரி தையல் இல்லையே" என்றேன். அதற்குப் பிறகு சேலை பெட்டகத்துக்கே போய்விட்டது. முதல் சில வாரங்களுக்கு என் தீர்ப்பும் அதுதான். காயம் முழுக்க ஆறிய பிறகு தளர்வாகக் கட்டிக்கொண்டால் கெடுதல் இல்லை. பெரிய பலனும் இல்லை.

மூன்றாவது வெயிஸ்ட் ட்ரெய்னர். லேட்டக்ஸ் துணி, உள்ளே வளையாத கம்பிகள், முன்னால் வரிசை வரிசையாகக் கொக்கிகள். இந்த வாரம் இந்த வரிசை, அடுத்த வாரம் இன்னும் இறுக்கமான வரிசை என்பதுதான் அதன் 'பயிற்சி'. இதில் கொழுப்பு கரைவதில்லை, வேர்வைதான் வடிகிறது. கழற்றினால் உடம்பு தன் வடிவத்துக்குத் திரும்பும். தசைக்கு ஒரு வேலையும் இல்லை. கம்பி தாங்கும்போது அது எதற்கு உழைக்கும்? நெருக்கின வயிறு மேலேயும் கீழேயும்தான் தள்ளும். மேலே தள்ளினால் மூச்சு மேலோட்டமாகும், நெஞ்செரிச்சல் வரும். கீழே தள்ளினால் அடியிடுப்புத் தசைகளுக்குச் சுமை. பிரசவத்துக்குப் பிறகு தும்மினாலே சிறுநீர் கசியும் பெண்களுக்கு இது கூடுதல் கஷ்டம். வயிற்றின் அழுத்தம் கூடினால் காலிலிருந்து மேலே ஏறும் இரத்தமும் தாமதப்படும். அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் காலில் இரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே உண்டு. அந்த நேரத்தில் அதைக் காசு கொடுத்துக் கூட்டிக்கொள்வானேன்?

இருந்தும் ஏன் வாங்குகிறார்கள்? மாலை வீக்கத்தைப் பார்த்துத்தான். காலையில் தட்டையாக இருக்கும் வயிறு, விளக்கேற்றும் நேரத்துக்கு உப்பி நிற்கும். கொஞ்சம் அதிகம் நடந்தாலோ, மதியம் ஊறுகாயும் வற்றலும் கூடிப்போனாலோ இன்னும் தெரியும். இத்தனை செலவு செய்தும் இப்படியா என்று பயம் பிடித்துக்கொள்ளும். இந்த வீக்கம் மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடம் வரைகூட, வந்து வந்து போகும். அது கொழுப்பில்லை. இடுப்பை அளக்க வேண்டுமென்றால் காலையில் எழுந்தவுடன் மட்டும் அளந்தால் போதும். வீட்டில் அறுபதாம் கல்யாணம், பட்டுச்சேலை எடுப்பாக நிற்க வேண்டும் என்பவர்கள், 3 மாதம் தாண்டி டாக்டரும் சரியென்றால் சடங்கு நேரத்துக்கு மட்டும் மாட்டிக்கொள்ளலாம். அது அலங்காரம், உடற்பயிற்சிக் கணக்கில் வராது. பந்தியில் உட்காரும் முன் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் கந்தரப்பம் என்ற இனிப்போடு எழுந்துவிட வேண்டியதுதான்.

உடற்பயிற்சியில் என்னைக் கேட்டால் நடைக்குப் போட்டியே இல்லை, அதுதான் முதலில். அதே நாளோ மறுநாளோ எழுப்பி நடக்கச் சொல்வது இரத்தம் உறையாமல் இருக்கத்தான். முதல் ஒரு வாரம், பத்து நாள் குனிந்தபடிதான் நடக்க முடியும். தையலை இழுத்து நிமிரப் பார்க்கக் கூடாது. இதற்கு நம் செட்டிநாட்டு வீடு மாதிரி வசதி எங்கே உண்டு? முகப்பிலிருந்து பின்கட்டு வரை நிழலிலேயே நடக்கலாம், உள்முற்றத்து வளவைச் சுற்றலாம், முடியாவிட்டால் அங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம். இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். ஆத்தங்குடிக் கல் ஈரமானால் வழுக்கும். நிலைப்படிகள் உயரம், குனிந்து நடக்கிற உடம்புக்குக் கால் தட்டும். இரண்டு, மூன்று வாரம் கழித்து, வெயில் ஏறுமுன் கல்லூரிச் சாலைப் பக்கம் மெதுவாக நடக்கலாம்.

ஜிம்மில் சைக்கிளும் வேக நடையும் சுமார் 6 வாரத்துக்குப் பிறகு. கிரஞ்ச், பிளாங்க், இரண்டு காலையும் சேர்த்துத் தூக்குவது எல்லாம் 8 முதல் 12 வாரம் ஆன பிறகு, அதுவும் டாக்டர் பார்த்துச் சொன்னால்தான். வயிற்றைக் குறைக்க வந்திருக்கிறார் என்று நினைத்து முதல் நாளே கிரஞ்ச் போடச் சொல்லும் பயிற்சியாளர்கள் உண்டு. அறுவை விஷயத்தைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

ஜிம்முக்குப் போகாதவர்களுக்கு வீடே ஜிம் என்பதுதான் பெரிய கண்ணி. பொதுவாக முதல் 6 வாரம் 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பார்கள். 10 லிட்டர் குடம் 10 கிலோ. இரண்டு வயதுப் பிள்ளை அதைவிடக் கூட. கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவது, குனிந்து கோலம் போடுவது எல்லாமே வயிற்றுத் தசையின் வேலைதான். ஜிம்மைத் தள்ளிப்போட்டவர்கள்கூட இதில் ஏமாந்துபோகிறார்கள்.

யோகா மென்மையானது, உடனே தொடங்கலாம் என்பது பாதிதான் சரி. நிதானமான மூச்சுப் பயிற்சி ஆரம்பத்திலேயே நல்லது. ஆனால் கபாலபாதியில் வயிற்றை வெடுக் வெடுக்கென்று இழுப்பது தையலுக்கு ஆகாது. புஜங்காசனமும் தனுராசனமும் தழும்பை மேலும் கீழுமாக இழுக்கும். சூரிய நமஸ்காரத்துக்குள்ளேயே புஜங்காசனம் இருப்பதால் அதற்கும் 3 மாதம் பொறுப்பதே நல்லது. நீச்சல், காயம் ஒரு பொட்டு விடாமல் மூடிய பிறகு. ஊருணியில் இறங்குவது இன்னும் வெகுநாள் கழித்து.

பழனி நடை தனிக் கதை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து கிளம்பிச் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போகும் அந்த நடை 150 கிலோமீட்டருக்குக் குறையாது. புரட்டாசியில் அறுவை செய்தவர் படிப்படியாக நடந்து பழகியிருந்தால் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். கார்த்திகையில் செய்தவர் அந்த வருடம் வண்டியில்தான் போக வேண்டும். என்னைக் கேட்டால், போய் வந்த பிறகு அறுவைக்குத் தேதி வாங்குவது மேல்.

எந்த வழியில் போனாலும் சிலவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. வயிற்றின் ஒரு பக்கம் திடீரென்று உப்பி உள்ளே நீர் தளும்புவது, தையல் ஓரம் சிவந்து காய்ச்சல் அடிப்பது, தோல் நிறம் கறுப்பது என்றால் உடனே டாக்டருக்குப் போன். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே, இரவானாலும், பக்கத்து ஆஸ்பத்திரி. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் மதுரை பஸ்ஸைப் பற்றி யோசிக்காமல் 108.